பத்து நாள் யாருக்கு, நாற்பத்தைந்து நாள் யாருக்கு?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சோளக்காட்டுக் கவுன்டிகளில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிய பிறகுதான் பேச்சே. வீடு இல்லையென்று சொல்லிவிட்டாலும் அந்தக் காசு உண்டியலில் விழுந்த மாதிரிதான்.

அடுத்து, வாடகையைப் போல் மூன்று மடங்கு சம்பளம் உண்டா என்பார்கள். அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இலிருந்து ஒரு சல்லி ஏறவில்லை. வாரம் 40 மணி நேரம் அந்தக் கூலிக்கு உழைப்பவருக்கு இந்த விதிப்படி தகுதியான மாத வாடகை 419 டாலர். என் பங்குக்கு ஒரு டாலர் போட்டு 420 ஆக்கிவிடுகிறேன், பொருத்தமான எண். அந்த வாடகைக்கு வீடு எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, எப்படியோ குடிவந்தாயிற்று. வாடகை பாக்கி விழுந்தால் பத்து நாள் நோட்டீஸ். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பத்து நாளும் கிடையாது. ஜனவரிப் பனியில் ஹீட்டர் நின்றுபோனாலோ, வீட்டுக்காரருக்குச் சட்டம் தருவது 'நியாயமான காலம்'. எத்தனை நாள்? அதை எண்ணிச் சொல்லச் சட்டத்துக்கு வாய் வரவில்லை. குளிரில் நடுங்கும் குழந்தையைக் காட்டி வாடகையை நிறுத்திப் பாருங்கள், எண்ணிக்கை உடனே நினைவுக்கு வரும்: பத்து!

உள்ளூர் நகராட்சியாவது தட்டிக் கேட்கட்டுமே என்றால், அதன் வாயையும் கட்டிவிட்டார்கள். விண்ணப்பம், டெபாசிட் போன்றவற்றில் ஊர்கள் தாமே விதி போடக்கூடாது என்ற மசோதாவை ஆளுநர் எரிக் ஹோல்காம்ப் 2020 மார்ச்சில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, வீட்டோ செய்தார். அவருடைய குடியரசுக் கட்சியாரே நிறைந்த சட்டமன்றம், கொரோனா ஓயாத 2021 பிப்ரவரியில் அந்த வீட்டோவைத் தூக்கி எறிந்தது. ஊருக்கு ஊர் சுயாட்சி வேண்டும் என்று மேடையில் முழங்கும் கட்சி அது. வீட்டுக்காரர்களின் ஊர் எதுவோ, அங்கே சுயாட்சி இருக்கிறது போலும்.

கடைசியில் காலி செய்தால், டெபாசிட்டைத் தீர்த்துக் கொடுக்க வீட்டுக்காரருக்கு 45 நாள். அதுவும், போகிற இடத்து முகவரியை எழுத்தில் கொடுத்தால்தான். வெளியேற்றப்பட்டுக் காரில் படுத்துத் தூங்குகிறவர் எந்த முகவரியை எழுதுவார், கார் நம்பரையா?