வாரத்துக்கு வந்த நாய்

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. நாய் வளக்கப் போறியாமே? வளக்கவும் இல்லையாம், ரெண்டு மாசம் வச்சிருந்து வேற வீட்டுக்கு அனுப்பப் போறியாம். அதுக்கு 'ஃபாஸ்டர்'னு பேராம். உங்க ஆத்தா சொன்னா. பேரு நல்லாத்தான் இருக்கு, பிஸ்கோத்துக்குக்கூட வைக்கலாம்.

வாசல்ல மூணு அட்டைப்பெட்டி கெடக்கே, என்னது? நாய்க்கு மெத்தையா? மழைக்கோட்டா? ஊத்து மாதிரி தண்ணி பீச்சுற சட்டியா? நாய் இன்னும் வரல. உனக்குக் குடுப்பாகளான்னும் தெரியல. அதுக்குள்ள பேரு வச்சு போன்ல படமும் போட்டுட்ட. புள்ள பொறக்கும் முன்னே தொட்டில் கட்டுறவன் உண்டு. நீ காதுகுத்துக்குப் பத்திரிகையே அடிச்சுட்ட.

எங்க, அந்தப் படிவத்தைக் குடு. சாத்தூர்ப் பக்கமிருந்து கண் ஆபரேசனுக்குன்னு பெருங்குடிக்கு வந்தவன் நான். இப்ப பொடி எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. 'உங்கள் குடும்பம் சுறுசுறுப்பானதா, அமைதியானதா?' நீ என்ன எழுதியிருக்க? சுறுசுறுப்பு. ஏலே, ஒம்பது மணிக்குக் கண்ணு முழிச்சு, கட்டில்ல இருந்தபடியே காப்பி கேக்குற குடும்பம்டா இது. 'தினமும் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?' அஞ்சு கிலோமீட்டராம்! தெருமுனைக் கடைக்கு பைக்குல போற பய நீ. அந்த நாய் வந்து இதைப் படிச்சா விழுந்து விழுந்து சிரிக்கும்.

புதுசா கண்டுபுடிச்ச மாதிரி பேசுறீகளே, இதை எங்கய்யா காலத்துலயே பண்ணோம். வாரத்துக்கு விடுறதுன்னு பேரு. நம்மகிட்ட கெடேரி நிக்கும், தீவனம் இருக்காது. அடுத்த ஊர்க்காரன்கிட்ட புல்லு இருக்கும், மாடு இருக்காது. அவன் வீட்டுல கொண்டு விடுவோம். ஈனுறதுல ஆளுக்குப் பாதி. படிவமும் இல்ல, கையெழுத்தும் இல்ல. ஆனா குடுக்குறதுக்கு முந்தி எங்கய்யா ஒரு நடை அந்த வீட்டுக்குப் போவாரு. மாட்டைப் பத்தி வாயே தெறக்க மாட்டாரு. குடிக்கத் தண்ணி கேப்பாரு. செம்பை வாங்கிக்கிட்டு அப்படியே தொழுப்பக்கம் நடப்பாரு. குலுதாடியில பாசி புடிச்சிருக்கான்னு ஒரு பார்வை. ஏற்கெனவே நிக்கிற மாட்டுக் கழுத்துல கயிறு அறுத்த தடம் இருக்கான்னு ஒரு பார்வை. வீட்டுக்காரன் தொழுவுக்குள்ள நுழைஞ்சா மாடு மூஞ்சியத் தூக்கிப் பாக்குதா, செவரோட ஒட்டி ஒதுங்குதா? ஒதுங்குச்சுன்னு வையி, 'சரி மாப்ள, வெயில் தாழ்ந்துருச்சு, வாரேன்'னு துண்டை உதறித் தோள்ல போட்டு வந்துருவாரு. அந்த வீட்டுக்கு மாடு கெடையாது. மாப்ளைக்குக் கடைசி வரைக்கும் காரணமும் தெரியாது.

போன மாசம் நம்ம எதிர்வீட்டுலயும் இப்படி நாய் கேட்டுருந்தாக. குடுக்கலாமான்னு வீடு பாக்க நாய் மீட்குற புள்ள ஒண்ணு வந்துச்சு. முந்தின நாள்லருந்து அங்க ஒரே ரகளை. பினாயிலை ஊத்தி ஊத்தித் தொடச்சதுல மனுசனுக்கே மூக்கு எரிஞ்சுச்சு, நாய்க்கு எப்படி இருக்கும்? வெளிநாட்டுல நாயைக் கட்டிப்புடிச்சு எடுத்த படத்தையெல்லாம் செவுத்துல மாட்டுனாக. பாட்டியம்மாவுக்கு நாய்னா ஆகாது. அதனால கெழவியை உள்ரூமுல உக்கார வச்சு டிவியைப் போட்டுட்டாக.

அந்தப் புள்ள வந்து என்ன கேட்டுச்சு தெரியுமா? தண்ணி! நான் வாசல்ல உக்காந்துருந்தவன் நிமிந்து உக்காந்துட்டேன். ஆகா, நம்ம அய்யா வந்துட்டாருய்யான்னு.

டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே பால்கனிக்குப் போச்சு. கம்பிக்கு நடுவுல கையை விட்டு அளந்துச்சு. குட்டிக்குத் தலை நுழைஞ்சா ஒடம்பும் நுழையும், இது ஏழாவது மாடி. பெறகு தரையோட தரையாக் குனிஞ்சு, நாய் மட்டத்துக்குக் கண்ணை வச்சு வீட்டைப் பாத்துச்சு. தொங்குற சார்ஜர் வயரு, கழுவுதொட்டிக்குக் கீழ பினாயிலு, பிரிட்ஜுக்குப் பின்னால எலி மருந்து. சாக்லேட்டு, திராட்சை, வெங்காயம் மூணும் நாய்க்கு ஆகாதுன்னு சொல்லுச்சு. பிரியாணி வெங்காயத்தை எடுத்து நாய்க்குப் போட்டுப் புண்ணியம் தேடுறவுகளுக்கு இது புதுச் சேதி.

அடுத்து ஒரு கேள்வி: 'போன ஒரு வருசத்துல இந்த வீட்டுல நாய்க்குட்டி எதுவும் செத்துச்சா?' வீட்டம்மா மொகம் கறுத்துப்போச்சு, நல்ல காரியம் பேசுற எடத்துல இப்படிக் கேக்கலாமான்னு. அட, அது அபசகுனம் இல்ல தாயி. பார்வோன்னு ஒரு வைரசு இருக்கு. குட்டிகளை ரத்தமா வயித்தால போக்கிக் கொல்லும். மண்ணுல ஒரு வருசம்கூடச் சாகாமக் கெடக்கும். அந்த எடத்துல ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டாந்து விட்டா அதுவும் போச்சு. வீட்டுல ஏற்கெனவே நாய் இருந்தா புதுசா வாரதைப் பத்து, பதினாலு நாள் தனி அறையில வைக்கச் சொல்றது இதனாலதான். கோழிச் சீக்கு வந்த கூட்டுல புதுக்கோழி அடைப்பமா? அதே கணக்குத்தான்.

கெளம்புறப்பதான் வெடி. 'வாசல்ல ஆறு ஜோடி செருப்பு இருக்கு, வீட்டுல அஞ்சு பேருதான பாத்தேன்?' அவ்வளவுதான். உள்ரூம் கதவு தொறந்துச்சு. கெழவி எட்டிப்பாத்து, 'நாயா? எங்கிட்ட எவனும் சொல்லலியே!' அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டே, 'சரிங்கம்மா, அப்புறம் பேசுறோம்'னுச்சு. தோள்ல துண்டு இல்ல. இருந்தா உதறியிருக்கும்.

எதிர்வீட்டுக்காரருக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் எறங்கல. எங்க வீட்டையே கொறை சொல்றாளேங்காரு. வீட்டையாடா சொன்னா? பகல் பூரா அந்த வீட்டுல யாரு இருக்கா? அந்தக் கெழவிதான். அவளுக்குப் புடிக்காத நாய் யாரோட இருக்கும்?

நாயாவது நம்ம ஊருக்கு ஏத்ததா கேக்குறாகளா? ஹஸ்கியாம்! பனியில வண்டி இழுக்கப் பொறந்ததை மெட்ராஸ் வெயில்ல கொண்டாந்து கட்டி, அது மூச்சு வாங்குனதும் ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போறாக. அதுகளும் மீட்பு நாயாத்தான் வருது. நம்ம பக்கத்து ராஜபாளையம் 2005லயே தபால்தலையில ஏறிருச்சு. ஏறி என்ன? வெள்ளையும் ரோசாப்பூ மூக்கும் அழகுன்னு வாங்குனான். அதுல சிலது செவிடாப் பொறக்கும்னு எவன் சொன்னான்? கூப்பிட்டா திரும்பலன்னதும் திமிருன்னு தொரத்துனவனை நான் பாத்துருக்கேன். முதுகுக்குப் பின்னால ஒரு தட்டைத் தட்டிப் பாத்தா தெரிஞ்சுபோகும்.

குடியிருப்புச் சங்கம் ஒத்துக்காதுன்னு பயப்படுறியா? நாயே கூடாதுன்னு தடை போட அவுகளுக்கு அதிகாரம் இல்லன்னு விலங்கு நல வாரியம் சொல்லியிருக்கு. கலாக்ஷேத்ரா நடத்துன ருக்மிணி தேவி அம்மா ராஜ்யசபையில கொண்டாந்த மசோதாதான் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி போட்டுச்சு. 1962ல அந்த வாரியம் இந்த மெட்ராஸுலதான் அந்தம்மா தலைமையில ஆரம்பிச்சுச்சு. சட்டமெல்லாம் உம் பக்கம்தான். ஆனா சட்டம் உங்கூட லிஃப்டுல ஏறி வராது. கீழ்வீட்டம்மாகிட்ட முந்தியே ஒரு வார்த்தை சொல்லி வையி.

நாய் வந்த அன்னைக்கே மடியில படுக்கணும்னு எதிர்பாக்காத. பயம் தெளிய மூணு நாளு, வீட்டு வழக்கம் புடிபட மூணு வாரம், இது நம்ம எடம்னு நம்ப மூணு மாசம்னு அந்தப் புள்ள ஒரு கணக்குச் சொல்லுச்சு. அதுவரைக்கும் சோபாவுல மூத்திரம் போகும், கட்டிலுக்கு அடியில பதுங்கும், கதவு தொறந்தா ஓடும். காப்பாத்துன நன்றி எங்கன்னு தேடுவ. நன்றியை எதிர்பாத்தா நாய்ல தேடாத, எல்.ஐ.சி. பாலிசியில தேடு. தீவாளி வாரத்துல மட்டும் புது நாயைக் கூட்டிட்டு வந்துராத. மொத வெடிக்கே திருவான்மியூர் தாண்டிரும்.

கடிச்சா? சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால்மணி நேரம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. நாங்க சுண்ணாம்பும் மொளகாயும் வச்சு எத்தனை பேரைப் பறிகுடுத்தோம்னு கணக்கு இல்ல. பழைய ஆளுக சொல்றதெல்லாம் சரின்னு நினைச்சுராத, என்னையும் சேத்து.

படிவத்துல கடைசிக் கேள்வியை வெத்தா விட்டுருக்க பாரு. 'நிரந்தர வீடு கிடைத்ததும் ஒப்படைப்பீர்களா?' அதான் பெரிய கேள்வி. எங்க வீட்டுக்கும் ஒரு தடவ வாரத்துக்கு மாடு வந்துச்சு. கூட்டிட்டுப் போன அன்னைக்கு நான் வைக்கப்படப்புக்குப் பின்னால போய் அழுதேன், பத்து வயசு. எங்கய்யா கண்டுக்கல, மறுநாள் தொழுவைக் கழுவிப் போட்டாரு, அடுத்த மாடு வரணும்ல. இங்க என்னடான்னா குடுக்க மனசில்லாமத் தானே வச்சுக்கிட்டு, 'ஃபாஸ்டர் ஃபெயில்'னு கேக் வெட்டுறாக. பரீட்சையில தோத்ததுக்கு மிட்டாய் குடுக்குற கூட்டத்தை இங்கதான்டா பாக்குறேன். நாய்க்கு நல்லதுதான், ஒத்துக்கிறேன். ஆனா காத்துக்கெடக்குற அடுத்த நாய்க்கு ஒரு எடம் போச்சே?

சரி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வருதுல்ல? நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்துருப்பேன். உள்ரூமுல டிவி போட்டு அடைக்கலாம்னு நினைக்காத, எஞ் செருப்பு பெருசு. எங்கிட்ட வந்து, 'தாத்தா, உங்களுக்குச் சம்மதமா?'ன்னு கேக்கும். நான் என்ன சொல்லணும்ங்குற?

அந்தப் பெரிய பெட்டியைப் பிரிச்சு, மெத்தையைத் தூக்கி எங் கட்டில்ல போடு. நாய் எப்படியும் தரையிலதான் படுக்கும்.