அக்கா ஊற்றினால்தான் ஜெல்

செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல் என்று போர்டு மாட்டிய பல்கலைக்கழக ஆய்வகம் எதற்குள் போனாலும் அங்கே ஓர் அக்கா இருப்பார். பிஎச்.டி.யில் ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ. சரியாக எது என்று கேட்பது நாகரிகமில்லை. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பிள்ளைகளுக்கு அவர் அக்கா. கைடுக்கு "ஏம்மா". சொந்தக்காரர்களுக்கு, "டாக்டருக்குப் படிக்கிறா, ஆனா ஊசி போட மாட்டா."

அக்காவின் தொழில் சந்தேகப்படுவது. கஷாயம் குடித்துச் சளி போனது என்று சித்தி சொன்னால் விடமாட்டார். "குடிக்காம இருந்தாலும் ஒரு வாரத்துல போயிருக்கும் சித்தி. குடிக்காத நாலு பேரையும் சேர்த்துல்ல பார்க்கணும்?" மூன்று முறை செய்து மூன்று முறையும் வராத எதையும் அவர் உண்மை என்று ஒப்புக்கொள்வதில்லை. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஒரு ஜாதகம் வந்தபோது, "பி வேல்யூ என்னன்னு கேளுங்க" என்றாராம். அந்த வரன் அதோடு சரி.

இதெல்லாம் வெளியே. ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றி உள்செருப்பை மாட்டியதும் அக்கா வேறு ஆள். செவ்வாய்க்கிழமை டிரான்ஸ்ஃபெக்‌ஷன், அதாவது செல்லுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தும் வேலை, வைக்கமாட்டார். இருபது மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் சிவப்பு டேப் சுற்றியது ஒன்று உண்டு. அதை வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டு பி.சி.ஆர். மிஷின்களும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும், ஜன்னலோரத்தில் இருப்பதுதான் ராசி. ஜெல் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று, "இன்னைக்கு வந்துரும்லக்கா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "வராதுன்னு சொல்லுடா. அப்பத்தான் வரும்."

அக்காவைக் கேலி செய்யுமுன் வெஸ்டர்ன் பிளாட் என்ற சமாசாரத்தை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். செல்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள். அதில் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நாள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல் ஊற்ற வேண்டும், அடியில் ஒழுகும். சீப்பைச் சொருக வேண்டும், குமிழி வரும். புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டு, ஒரு மெம்பரேனுக்கு மாற்றி, அந்த மெம்பரேனை ஐந்து சதவீதப் பால் பவுடர் கரைசலில் ஊறவைக்க வேண்டும். ஆமாம், கடையில் விற்கிற ஆடை நீக்கிய பால் பவுடரேதான். ஆண்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க அது. அக்காவின் அலமாரியில் உள்ள அந்த டப்பாவின் மேல் மார்க்கரில் கொட்டை எழுத்தில் 'டீக்கு அல்ல' என்று எழுதியிருக்கும். அதற்குப் பிறகு ஆண்டிபாடியில் ஓர் இரவு, காலையில் இன்னொரு ஆண்டிபாடி, கழுவல், மறுபடியும் கழுவல். கடைசியில் இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தால், எல்லாச் செல்லிலும் எப்போதும் இருக்கிற பீட்டா ஆக்டின் கருகருவென்று வந்து நிற்கும். எதற்காக இத்தனை பாடோ அந்தப் புரதம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

அந்த ஆண்டிபாடியின் கதை தனி. 100 மைக்ரோலிட்டர் குப்பி. இரண்டு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். நல்ல குப்பி ஒன்றின் விலையும் ஏறத்தாழ அவ்வளவுதான். மூன்று கொட்டேஷன், கமிட்டி கையெழுத்து, கப்பல் விமானம் எல்லாம் கடந்து, ஐஸில் படுத்து அது வந்து சேர மாதங்கள் ஆகும். அதைத் திறக்கும் கை நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நடுங்கும் கை சிவப்பு டேப்பைத் தேடுகிறது.

போன வாரம் வந்த பாண்டு, அதாவது அந்தக் கறுப்புக் கோடு, இந்த வாரம் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காரணங்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன. செல்களுக்குத் தீனியாக ஊற்றும் சீரம், பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. லாட்டுக்கு லாட்டு குணம் மாறும். நேற்று ராத்திரி கரண்ட் போய் இன்குபேட்டர் 37 டிகிரியிலிருந்து இறங்கியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே மைக்கோபிளாஸ்மா. அது ஒரு பொடிப் பாக்டீரியா. செல் சுவர் கிடையாது, அதனால் பெனிசிலினுக்கு மசியாது. வடிகட்டியின் துளையிலும் நுழைந்துவிடும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. மீடியமும் கலங்காது, தெளிவாகவே இருக்கும். வந்தது தெரியாமல் வந்து, கண்ணில் படாமல் உட்கார்ந்து, நடக்கிற காரியத்தைக் கெடுக்கும். அக்காவின் அம்மா இதே லட்சணங்களைச் சொல்லித் திருஷ்டி என்பார். வித்தியாசம் ஒன்றுதான்: மைக்கோபிளாஸ்மாவைக் கண்டுபிடிக்க கிட் விற்கிறது.

புதிதாக வரும் எம்.எஸ்சி. பையனின் பாடுதான் பெரும்பாடு. அக்கா முதல் நாளே சட்டதிட்டங்களை ஒப்பிப்பார். ஆண்டிபாடியை உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைக்காதே. சென்ட்ரிஃபியூஜில் எதிரெதிரே சம எடை வை. செவ்வாய்க்கிழமை டிரான்ஸ்ஃபெக்‌ஷன் கிடையாது. ஹீலா செல்லைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். எல்லாம் ஒரே குரலில் வரும். பையனும் எல்லாவற்றையும் ஒரே மையில் நோட்டில் எழுதிக்கொள்வான். எது விஞ்ஞானம், எது சகுனம் என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் கொஞ்சம் துளிர்விட்டு, ஹீலா விஷயத்தைச் சகுனக் கணக்கில் சேர்த்துச் சிரிப்பான். அங்கேதான் மாட்டுவான்.

1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்கள்தான் ஹீலா. அவர் அதே ஆண்டில் இறந்துபோனார். செல்கள் உலகமெங்கும் இன்றைக்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒரு துளி தப்பிப் பக்கத்துப் பிளாஸ்க்கில் விழுந்தால் போதும், அங்கே இருந்ததை ஓரங்கட்டிவிட்டு ஹீலாவே நிரம்பிவிடும். வெவ்வேறு செல் என்று நினைத்து ஆய்வகங்கள் வளர்த்து வந்ததில் பல, உண்மையில் ஹீலாதான் என்று 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துச் சொன்னபோது எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்! ஆக, கடைசியாகத் திற என்பது அனுபவம் எழுதிய சட்டம். செவ்வாய்க்கிழமை? அதை மட்டும் அக்காவிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் யோசிப்பார். அவருக்கும் சரியாகத் தெரியாது என்பது என் சந்தேகம்.

ஒரு துணிச்சல்காரப் பையன் கேட்டே விட்டான்: "அக்கா, நீங்க ஊத்துற ஜெல்லுலதான் பாண்டு நேரா ஓடும்னு சொல்றீங்களே, அதுக்கு கன்ட்ரோல் வச்சுப் பார்த்தீங்களா?"

"வச்சேனே. போன மாசம் நீ ஊத்துனதுதான்."

சரஸ்வதி பூஜை அன்று இந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். மைனஸ் எண்பது ஃப்ரீசர், சென்ட்ரிஃபியூஜ், ஆட்டோகிளேவ், ஜன்னலோர பி.சி.ஆர். மிஷின், எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். பொரியும் கடலையும் நடைபாதையில். உள்ளே தின்னக் கூடாது என்ற பயோசேஃப்டி விதியை அக்கா அன்றைக்கும் மீறவிடமாட்டார். பூஜையில் வைத்த கருவியைத் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆனால் செல்லுக்குச் சரஸ்வதி பூஜை தெரியாது, அன்றைக்கும் மீடியம் மாற்றியாக வேண்டும். அதனால் இன்குபேட்டருக்கு மட்டும் அக்கா வாயாலேயே விதிவிலக்கு கொடுத்து, கும்பிட்டுவிட்டுத் திறப்பார்.

கைடு அமெரிக்காவில் போஸ்ட்டாக் முடித்து வந்தவர். கண்ணாடியை இறக்கி ஃப்ரீசரின் பொட்டைப் பார்த்தார். "ஏம்மா, இது சயின்ஸ் லேபா, கோயிலா? இதையெல்லாம் நாமளே செய்யலாமா?" என்று ஒரு பிடி பிடித்தார். அக்கா தலையைக் குனிந்து நின்றார். கைடு தம் அறைவரை போய்த் திரும்பி வந்தார். கையில் தடிமனான ஒரு ஃபைல்.

"நாளன்னைக்கு அனுப்புற கிராண்ட் அப்ளிகேஷன். சந்தனம் மிச்சம் இருந்தா, அட்டையில படாம ஓரமா ஒரு பொட்டு வச்சுக் குடும்மா."