கட்-ஆஃப் காலம்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் தமிழ்நாட்டு மாமாக்கள் எல்லோருக்கும் திடீரென்று கணக்கு வந்துவிடும். கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆகப் பொறியியல் கட்-ஆஃப் 200. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டவர்கூடப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை பிசகாமல் சொல்வார். பையனுக்கு எதில் ஆர்வம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவான், அதுதான் சிக்கல்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் மூதாதையான நில அளவைப் பள்ளியைக் கும்பினியார் 1794-ல் தொடங்கியது நிலம் அளக்க ஆள் வேண்டி. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழிவிட்டதும், அளந்த நிலத்திலெல்லாம் கல்லூரி முளைத்தது.

படிப்பு எதுவானால் என்ன? மெக்கானிக்கல், சிவில் எல்லாம் கடைசியில் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனி ஒன்றில் கோடு எழுதத்தான் உட்காருகின்றன. (மழை நாளில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், சிவில் படித்தவர்கள் எல்லோரும் மாடியில்தான் இருக்கிறார்கள் என்பது புரியும்.) ஆகவே நேராகக் கம்ப்யூட்டர் சயின்ஸ். அது கிடைக்காவிட்டால், பெயரில் எங்காவது ‘டேட்டா’ என்று இருக்கும் ஏதாவது ஒன்று.

கட்-ஆஃப், பாட மதிப்பெண், பிறந்த தேதி எல்லாமே இருவருக்கு ஒன்றாக இருந்துவிட்டால்? ரேண்டம் எண்தான் முடிவு செய்யும். பன்னிரண்டு வருஷப் படிப்பு, இரண்டு வருஷ டியூஷன், கடைசியில் குலுக்கல். விவரமான அப்பாக்கள் அந்த எண்ணை ஜோசியரிடம் காட்டிக் கூட்டுத்தொகை பார்த்த பிறகே கல்லூரிப் பட்டியலைத் தொடுகிறார்கள்.