நடராஜருக்கு என்.ஆர்.ஐ. விருது கோரி

கல்லிடைக்குறிச்சி,
அக்டோபர் 2019

பெறுநர்:
பிரவாசி பாரதிய சம்மான் தேர்வுக் குழு,
வெளியுறவு அமைச்சகம், புதுடெல்லி.

பொருள்: எங்கள் ஊர் நடராஜருக்கு விருது வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வெளிநாட்டில் இருந்துகொண்டு பாரதத்துக்குப் பெருமை சேர்த்தவர்களுக்கு, காந்தி 1915-ல் தாயகம் திரும்பிக் கரையிறங்கிய ஜனவரி 9-ஐ ஒட்டி விருது தருகிறீர்கள். வெளிநாடு போய்த் திரும்பியவர் எங்கள் ஊரிலும் ஒருவர் உண்டு. குலசேகரமுடையார் கோயில் நடராஜர். உயரம் இரண்டரை அடி, எடை சுமார் 100 கிலோ, மேனி ஐம்பொன்.

1982 ஜூலையில் ஊரைவிட்டுப் போனார். பாஸ்போர்ட், விசா ஒன்றும் கிடையாது. இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். துப்புத் துலங்கவில்லை என்று 1984-லேயே நம் போலீசார் கோப்பை மூடிவிட்டார்கள். 2001-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடம் அவரை விலைகொடுத்து வாங்கியது. அபிஷேகம் இல்லை, மார்கழித் திருவாதிரைக்குக் களி இல்லை. ஆனாலும் அந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு அவர் மனுப் போட்டதில்லை. போன நாளிலிருந்து ஒரு காலைத் தூக்கியே வைத்திருந்தார், எப்போது கூப்பிட்டாலும் கிளம்ப வசதியாக.

ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் நிற்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவரை 2004-ல் இந்திய அரசே அனுப்பிவைத்தது. டெபுடேஷன் கேஸ்.

தேசப்பற்றில், வெளிநாடு போன எங்கள் ஊர்க்காரர்களும் இளைத்தவர்கள் இல்லை. கொடைக்கோ கல்யாணத்துக்கோ வருவார்கள். தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டு, 'என்ன இருந்தாலும் நம்ம ஊர் நம்ம ஊர்தான்' என்பார்கள். அப்பளக் கட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். அடிலெய்டு போன நம்மவர்களும் நடராஜர் முன்னால் நின்று, பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 'சாமி, நீங்க எப்படி இங்க வந்தீங்க?' என்று எத்தனை பேர் கேட்டார்களோ! அப்படிக் கேட்கிற ஆட்கள் சிங்கப்பூரில் இருந்தார்கள். எஸ். விஜயகுமாரும் நண்பர்களும் 'இந்தியா பிரைட் ப்ராஜெக்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு, உத்தியோகம் போக மிச்ச நேரத்தில், களவுபோன சிலைகளைப் படத்தோடு படம் ஒப்பிட்டுத் தேடினார்கள். பெருமை என்ற சொல்லுக்கு அவர்கள் கொஞ்சம் வேலையும் கொடுத்தார்கள்.

விண்ணப்பத்தோடு இருப்பிடச் சான்று கேட்பீர்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய பழைய போட்டோ இருக்கிறது. நம் சாமி நம் ஊர்க்காரர் என்பதற்கு அத்தாட்சி பிரெஞ்சுக்காரர்களிடம். தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும்.

37 வருஷம் கழித்து நாடு திரும்பி, போன மாதம் டெல்லியிலிருந்து ரயிலில் சென்னை வந்து இறங்கினார். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் பொன். மாணிக்கவேல் அழைத்துவந்தார். வரவேற்பு, மாலை, டிவி கேமரா எல்லாம் அமர்க்களம். நாடே பெருமைப்பட்டது. 1984-ல் மூடிய கோப்பைப் பற்றி அன்றைக்கு யாரும் மூச்சுவிடவில்லை. நல்ல நாளில் அதெல்லாம் எதற்கு? பிறகு, களவுபோனவரே கும்பகோணம் கோர்ட்டு வாசலையும் மிதித்துவிட்டுத்தான் ஊர் வந்து சேர்ந்தார்.

கடைசியாக ஒன்று. விருது விழாவுக்குத் தம்பதி சமேதராக அழைப்பதுதான் முறை. சிவகாமி அம்மனும் அதே இரவில் போனவர்தான். மாணிக்கவாசகரும் ஸ்ரீபலிநாயகரும் கூடப் போனார்கள். அழைப்பிதழ் அனுப்ப முகவரி எங்களிடம் இல்லை. உலகம் முழுக்கத் தூதரகம் வைத்திருக்கும் தாங்களே விசாரித்து நேரில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சன்னதித் தெருக்காரன்