கரையாமல் வேலை செய்யும் கல்

கேள்வி: 2025-இல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்த உலோக-கரிமச் சட்டகங்கள், வினையூக்கியாக எதில் உசத்தி?

பதில்: கரையும் வினையூக்கி பாயசத்தில் போட்ட சர்க்கரை, திரும்பக் கிடைப்பது பெரும்பாடு. சட்டகமோ பிரியாணியில் துணியில் முடிந்து போட்ட மசாலா. மணத்தைக் கொடுத்துவிட்டு முழுசாகக் கைக்கு வரும்.

1994-இல் ஜப்பானில் மகோட்டோ ஃபுஜிட்டா குழுவினர், காட்மியம் என்ற உலோகத்தையும் பைபிரிடின் என்ற கரிம மூலக்கூறையும் கோத்த சட்டகத்தால் ஆல்டிஹைடுகளைச் சயனோசிலைலேற்றம் என்ற வினைக்கு உட்படுத்தினார்கள். காட்மியம் நைட்ரேட்டை மட்டும் போட்டார்கள்: வினை இல்லை. பைபிரிடின் மட்டும்: இல்லை. சட்டகம் கலந்த கலவையின் மேலே தெளிந்த திரவத்திலும் இல்லை. அப்படியானால் உழைத்தது திண்மம்தான்! அந்தக் கடைசிச் சோதனைக்கே என் ஓட்டு.

ஒரு குறையும் உண்டு: தண்ணீர் பட்டால் பல சட்டகங்கள் குலைந்துவிடும். 2008-இல் ஆஸ்லோவில் பிறந்த சிர்க்கோனியச் சட்டகம் கெட்டி, தாங்கும்.