பச்சை ஒன்பது வகைப்படும்

முன்னுரை

பச்சை எனப்படுவது ஒன்பது வகைப்படும். எட்டு என்பாரும் உளர். அவர் பீரோவின் மேல்தட்டை நோக்காதார். ஒன்று என்பாரும் உளர்; அவர் எங்கள் வீட்டுக்காரர்.

இவ்வாய்வுக்குத் தூண்டுதலாய் அமைந்தவை இரண்டு. முதலாவது, என் தங்கை மகனின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. நானூறு பக்கம் எழுதியிருந்தான் பிள்ளை. புறத்தேர்வாளர் அவன் நெறியாளரின் நண்பர். நெறியாளர் அந்த நண்பரின் மாணவர்களுக்குப் புறத்தேர்வாளர். மிக்சர் தட்டு காலியானதும் அவர் தலைநிமிர்ந்து, “இந்த ஆய்வினால் சமுதாயத்திற்கு விளையும் பயன் யாது?” என்று கேட்டார். பிள்ளைக்கு வேர்த்துவிட்டது.

இரண்டாவது, அன்று மாலை நடந்தது. தேர்வுக்குக் கட்டிப்போன புடவையை நான் மடித்து வைக்கும்போது, வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாகப் பீரோவை எட்டிப் பார்த்து, “எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, இதுல இன்னொண்ணு எதுக்கு?” என்றார்.

இரண்டும் ஒரே கேள்வி என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும். அழகான பொருள் ஒன்றைப் பார்த்து ஒருத்தி ஆசைப்பட்டாள் என்றால் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்வதில்லை, வீடும் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு இடத்திலும் மேற்கோள் கேட்கிறார்கள். ஆகவே இக்கட்டுரை.

கருதுகோள்

ஒரு பச்சை இன்னொரு பச்சை அன்று.

கருதுகோளை முதலில் எழுதிக்கொண்டு சான்றுகளை அப்புறம் தேடுவது ஆய்வு மரபு. யானும் புடவைகளை முதலில் எடுத்துவிட்டுக் காரணங்களை அப்புறம் தேடியுள்ளேன்.

முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னாய்வுகள் எவையும் இல்லை. அதாவது, நான் தேடிப் பார்க்கவில்லை.

ஆய்வு மூலங்கள்

முதன்மை மூலம்: மதுரையில் எங்கள் வீட்டு இரும்பு பீரோ. துணைமை மூலங்கள்: அக்கா, மாமியார், ரவிக்கை தைக்கும் அம்மா. எதிர்த்தரப்பு: மேலே சுட்டப்பட்ட வீட்டுக்காரர். கெசட்டட் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பணி ஓய்ந்தும் கை ஓயவில்லை; எந்தத் தாள் கண்ணில் பட்டாலும் மூலையில் ஒரு சுருக்கொப்பம், கீழே தேதி. பால் கணக்கு, மாத்திரைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவும் தப்பாது.

இலக்கியச் சான்று

தமிழில் எந்த ஆய்வையும் தொல்காப்பியத்தில் தொடங்காவிட்டால் கையெழுத்து விழாது. நல்லவேளை, உரியியலில் ‘பசப்பு’ என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். இன்றைய வழக்கில் பசப்புதல் என்றால் நைச்சியமாகப் பேசி ஏமாற்றுதல். நிறம் எப்படி ஏமாற்று ஆயிற்று என்பதை ஒன்பதாம் வகையில் விளக்குவேன், வாசகர் பொறுத்தருள்க.

அடுத்து பொருநராற்றுப்படை. பொருநனுக்குக் கரிகாலன் கொடுத்த உடை பாம்புரித்த சட்டைபோல் மென்மையானது, இழை போன வழி கண்ணுக்கே தெரியாதது என்கிறது அந்நூல். நிறம் மட்டும் சொல்லப்படவில்லை. சொல்லப்படாமையால் அது பச்சை என்று கொள்ளத் தடையில்லை. இதைவிட மெல்லிய இழையில் ஆய்வேடுகள் தொங்குவதை யான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவதாக வாழும் சான்று. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே கழுத்தை நீட்டும். பட்டர் பெட்டிக்குள் பாராமல் கைவிட்டு எடுப்பதுதான் அந்தப் பட்டு. பச்சை வந்தால் அந்த ஆண்டு மழை பெய்யும், விளையும் என்பது மதுரைச் சனங்களின் நம்பிக்கை. எங்கள் பீரோவில் யார் பாராமல் கைவிட்டாலும் பச்சைதான் வரும். நாடு செழிக்க ஒரு குடும்பத்தலைவி இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

ஆய்வு முறை

இதற்கு ‘வாசல் முறை’ என்று பெயரிட்டுள்ளேன். கடைக்குள் டியூப் லைட்டில் கண்ட பச்சை பச்சையாகாது. புடவையின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்க வேண்டும். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விற்பனைப் பையன் கூடவே வருவான். உள்ளே பாசியாக இருந்தது வெளியே பாட்டிலாக மாறும். விளக்கு மாறினால் நிறம் மாறுவது இயற்பியல். அந்தப் பையனுக்கு இது தெரியும், புறத்தேர்வாளர்களுக்குத் தெரியாது. மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் மிகக் கூர்மையாக உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை. அது பச்சை. எனவே என்மீது குற்றமில்லை. கண்ணை அப்படிப் படைத்துவிட்டார்கள்.

வகைப்பாடு

1. கிளிப்பச்சை. விளக்கம் வேண்டா.

2. பாட்டில் பச்சை. பள்ளி ஆண்டுவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் ஒருசேரக் கட்டலாம்.

3. இலைப்பச்சை. இதைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால் இலை எங்கே முடிகிறது, மடி எங்கே தொடங்குகிறது என்று பரிமாறுபவருக்குத் தெரியாது. ரசக்கறை சாட்சி.

4. பாசிப்பச்சை. இதில் ‘பாசி’ குளத்துப் பாசியா, பாசிப்பயறா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குளம் என்பார் அக்கா (தொலைபேசி உரை, பிற்பகல்). பயறு என்பார் மாமியார் (ஊஞ்சல் உரை). இருவரும் நான்கு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை; அதற்குக் காரணம் இதுவன்று எனினும் ஒப்புநோக்கத்தக்கது.

5. ராமர் பச்சை. கடைக்காரர்கள் சற்றே நீலம் கலந்த பச்சையை இப்படித்தான் சொல்கிறார்கள். நீலமேனியருக்கு ஏன் பச்சை என்று கேட்பவர் ஆழ்வார்களைப் படிக்காதவர். திருமாலை அவர்கள் கரியன் என்றும் நீலன் என்றும் பச்சை மேனியன் என்றும் மாற்றி மாற்றிப் பாடியிருக்கிறார்கள். அவர்களும் வாசலுக்கு வந்து பார்த்திருக்கக் கூடும்.

6. மாந்தளிர். இது பச்சையே அன்று, செம்பு நிறம் என்று தடை எழுப்புவர். உண்மைதான். ஆயினும் அத்தளிர் பின்னாளில் பச்சையாகும் என்பதால் இங்குச் சேர்க்கப்பட்டது. சான்று கருதுகோளுக்குப் பொருந்தாவிடில் சான்றைக் காத்திருக்கச் சொல்வது அறிஞர் வழக்கு.

7. எலுமிச்சைப் பச்சை. பருத்திச் சுங்குடி. எங்கள் ஊர்ச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்த்து எடுத்த புள்ளிகள். அச்சடித்த சுங்குடியில் புள்ளிகள் பட்டாளம்போல் வரிசையில் நிற்கும். கையால் முடிந்ததில் இரண்டு புள்ளி ஒன்றுபோல் இராது. ஒன்று பிறை, ஒன்று கடுகு, ஒன்று கண் சிமிட்டும். ஒரு மதியம் எண்ணத் தொடங்கினேன். முந்தானை தாண்டுவதற்குள் குக்கர் கூப்பிட்டுவிட்டது.

8. மயில்கழுத்து.

இதற்குத் தனி இயல் வேண்டும்.

மயில்கழுத்து குறித்த விரிவான ஆய்வு

மயில்கழுத்து பச்சையா, நீலமா? இவ்வினாவால் எங்கள் குடும்பம் இரு பள்ளிகளாகப் பிரிந்துள்ளது. பச்சைப் பள்ளியின் தலைவி யான். நீலப் பள்ளியின் தலைவி அக்கா (“நீலந்தான்டி அது, கண்ணாடியை மாத்து”, மொட்டைமாடி உரை, வடாம் பிழியும் பருவம்). இதற்கு என் மறுப்புரை (அதே மாடி, அதே வடாம்). இரண்டையும் ஒப்பிட்டு மாமியார் வழங்கிய தீர்ப்பு இரு பாடங்களாகக் கிடைக்கிறது: பல்செட் மாட்டுவதற்கு முந்தைய பதிப்பில் ‘நீலம்’ என்பதுபோல் ஒலிக்கிறது, மாட்டிய பின் வந்த திருத்திய பதிப்பில், “ரெண்டு பேரும் வேலையப் பாருங்கடி” என்று தெளிவாக உள்ளது. பிற்காலப் பாடம் இடைச்செருகல் என்பது என் துணிபு.

இனி நெசவுச் சான்று. காஞ்சிபுரத்துத் தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் இருந்தால் துணி இரண்டுமாகும். மடிப்பின் முகட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் ஒரு நிறம். நடந்தால் இரண்டும் இடம் மாறும். என் புடவையில் கரை அரக்கு. கோர்வைப் புடவை ஆதலால் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்று, எதிர்க்கரைக்கு ஒன்று என மூன்று நாடா. தறியில் இரண்டு பேர். உடலும் கரையும் சந்திக்கும் இடத்தைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருப்பது தெரியும். நகத்தால் தடவினால் சின்ன மேடு. எத்தனையோ முறை தடவிப் பார்த்திருக்கிறேன். இதற்கு ஆய்வுப் பயன் எதுவுமில்லை.

சாயச் சான்றும் உண்டு. இயற்கைச் சாயம் மட்டுமே இருந்த காலத்தில் நல்ல பச்சை வேண்டுமென்றால் துணியை மஞ்சளில் ஒருமுறையும் அவுரி நீலத்தில் ஒருமுறையும் முக்குவார்கள். ஒரு பச்சை என்பது இரண்டு நிறத்தின் உழைப்பு. ஆகவே பச்சைப் புடவையை இரண்டு புடவைக்குச் சமமாகக் கருதி, அதன் விலையைப் பாதியாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

அயல்நாட்டு ஒப்பீடு இல்லாத ஆய்வு ‘தேசிய’க் கருத்தரங்கைத் தாண்டாது, ஒன்று சேர்த்தால் ‘பன்னாட்டு’ ஆகிவிடும். இதோ: 1775இல் ஷீலே என்ற வேதியியலார் ஆர்சனிக் கலந்த பச்சை நிறமி ஒன்றைக் கண்டறிந்தார். அவ்வகை நச்சுப் பச்சைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவர்த்தாளிலும் கவுனிலும் செயற்கைப் பூவிலும் ஏறின. தெரிந்த பிறகும் சிலர் உடுத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இறுதியாக உயிரியல் சான்று. இதுவே அக்காவின் பள்ளியையும் என் பள்ளியையும் ஒருங்கே தகர்ப்பது. மயிலிறகில் நீலச் சாயமும் இல்லை, பச்சைச் சாயமும் இல்லை. இருப்பது பழுப்புக் கறுப்பான மெலனின் மட்டும். இறகின் நுண்ணிழைகளில் அது அடுக்கப்பட்டிருக்கும் வாகில் வெளிச்சம் பட்டுத் திரும்புகையில்தான் அந்த நிறம். அந்த அடுக்கு சிதைந்தால் நிறமும் போகும். ஆக, மயிலே நம்மைப் பசப்புகிறது. முருகன் அதை வாகனமாக வைத்துக்கொண்டதில் யாரும் பயன் கேட்கவில்லை.

ஒன்பதாம் பச்சை

ஒன்பதாவது, பச்சைப்பொய்.

இது பட்டிலும் உண்டு, பருத்தியிலும் உண்டு. உட்பிரிவுகள்: “ஆடித் தள்ளுபடிங்க.” “அம்மா கொடுத்தது.” “பழசுங்க, நீங்கதான் கவனிச்சதில்ல.” இவற்றுள் தலையாயது விலைப்பொய். மயில்கழுத்தின் விலை ரூபாய் ஆயிரத்து எண்ணூறு என்று யான் அந்நாளில் வாய்மொழியாகப் பதிப்பித்தேன். உண்மையான பாடத்தில் ஒரு சுழியம் கூடுதல். இதைப் பொய் எனல் தகாது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதியதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு உலகறியும். ஏடெழுதியவருக்குப் புள்ளி விடுபடலாம், எனக்குச் சுழியம் விடுபடக் கூடாதா? மேலும் மூலச்சுவடியான பில் கிடைக்கவில்லை. செல்லரித்திருக்கலாம் என்று அறிஞர் கருதுவர்.

இவ்வாறு பசப்பு என்னும் ஒரு சொல்லே நிறத்தையும் ஏமாற்றையும் குறிக்கும் வண்ணம் மொழி வளர்ந்த நெறி நிறுவப்பட்டது. பிழையிருப்பின் அது வழிகாட்டியோரைச் சாரும், இதுவும் மரபே.

முடிவுரை

ஒரு பச்சை இன்னொரு பச்சை அன்று என்பது ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்டது. மேலாய்வுக் களங்கள்: அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ. நிதிநல்கை கிடைப்பின் தீபாவளிக்குள் களப்பணி தொடங்கப்படும்.

பிற்சேர்க்கை

கட்டுரையை முடித்த மறுநாள், சரிபார்ப்பதற்காக மயில்கழுத்தை வெளியே எடுத்தேன். பட்டை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் சரிகை மடிப்பிலேயே வெட்டிப்போகும். காலை வெயிலில் மாடிக் கொடியில் போட்டு உதறியபோது முந்தானை மடிப்பிலிருந்து ஒரு தாள் விழுந்தது. மூலச்சுவடி. செல்லரிக்கவில்லை. சுழியங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

மூலையில் ஒரு சுருக்கொப்பம், கீழே தேதி. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. புடவை வீட்டுக்கு வந்த அதே வாரம். கெசட்டட் அதிகாரிகள் போடும் மை.

மூன்று வருடமாக அது தெரிந்தேதான் வருடம் தவறாமல் கேட்டிருக்கிறார், இன்னொண்ணு எதுக்கு என்று.

தாளை எடுத்த மடிப்பிலேயே வைத்துவிட்டேன். தலைப்பைத் திருத்த வேண்டும். பச்சை பத்து வகைப்படும்.