தொட்டிவைப்போர் இலக்கணம்

பாயிரம்: புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று மீனொன்றுக்கு 1831-இல் குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்த ஆற்றின் பெயரையே சூட்டினார். இன்று அதன் முழுப்பெயர் சூடோஸ்ப்ரோமெனஸ் கியூபனஸ். உடம்போ சுட்டுவிரல் நீளம். வயல், வாய்க்கால், குட்டை எங்கும் பிழைக்கும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு; அதனால், மேலே வந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுப் போகும். மீனை அறிஞர்கள் வகைப்படுத்திவிட்டனர். வளர்ப்போரை வகைப்படுத்துவார் இலர், ஆகவே இந்நூல்.

1. நிரப்பியர்: கொடுத்த காசுக்குத் தொட்டி நிறைய வேண்டும் என்பார். காற்றுக்கு வந்த மீன் கண்ணாடி மூடியில் மூக்கை இடித்துக்கொண்டு திரும்பும். நான்கு விரற்கடை இடைவெளி விடுக. மூடியையே எடுத்துவிடலாகாதோ எனின், ஆகாது. துள்ளித் தரையில் விழும்.

2. குமிழியர்: ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிடுவார். ஆண்மீன் எச்சில் குமிழிகளை ஒவ்வொன்றாக இலைக்கடியில் ஒட்டிக் கூடு கட்டும். சாலை போட்ட மறுநாள் குழாய்க்காரர் வருவதுபோல் அலை வந்து கலைக்கும்.

3. துப்புரவர்: கூடு அலைக்குத் தப்பினால் அழுக்கு நுரையென்று வழித்தெடுப்பவர். ஆகாயத்தாமரையை, வேர் தொங்குகிறதே என்று பிடுங்கிவிடுவார். ஒளிய இடமற்ற மீன் ஃபில்டருக்குப் பின்னால் குடியேறும்.

4. வைத்தியர்: முட்டையிடும் காலத்தில் பெண்மீன் கருத்துப்போகும். கல்யாணக் களையை நோயென்று கண்டு மெத்திலீன் ப்ளூ ஊற்றுபவர் இவர்.

5. சும்மாயிருப்பார்: வேலம்பாசி அடர்ந்த தொட்டி, மங்கிய வெளிச்சம், அவ்வப்போது கொஞ்சம் கொசுப்புழு, அதற்குமேல் கை வைக்கார். இவர் இருவகையர்: அறிந்து சும்மாயிருப்பார், சோம்பிச் சும்மாயிருப்பார். முன்னவர் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுவார். பின்னவரை நாற்றம் கொண்டு அறிக.

எதையும் தாங்கும் மீனாயிற்றே, முதல் நால்வரிடத்தும் பிழைத்துக்கொள்ளாதோ எனின், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதனாலன்றோ நால்வரும் திருந்துவதில்லை!

புறனடை: "குழம்புக்குத் தேறுமா?" என்று கேட்கும் மாமா இவ்வைவருள் அடங்கார். அவருக்கு டிவி முன் நாற்காலி போடுக.